மாப்பிள்ளையை விசாரிக்கத் துருக்கி படித்தேன்

தாயி, நேற்று நீ உன் அம்மாவிடம் போனில் சொன்னதை நானும் கேட்டேன். அவள் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள், ஆகவே ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாடிப்பட்டி மண்டபத்தில் வரவேற்பு அன்று நீ மைக்கைப் பிடித்து, “எங்கப்பா எனக்காக இந்த வயசுல துருக்கி மொழி படிச்சாரு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறாயாம். எம்ரே வீட்டிலிருந்து வருகிறவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்களாம். உன் அம்மா அப்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ள ஆசைதான், பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு யாரும் தட்டியதில்லை. ஆனால் அந்த மொழியை நான் படித்த காரணம் வேறு. அதை நேரில் சொன்னால் நீ பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய். எழுதிவிட்டால், முழுவதையும் படித்துவிட்டுத்தான் கத்த முடியும். அதனால் எழுதுகிறேன். நான் பாசத்தால் துருக்கி படிக்கவில்லை. சந்தேகத்தால் படித்தேன்.

நம் சொந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்புவார்கள். நான் பெரிய புத்திசாலி என்பதால் அல்ல. என் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி இருக்கும், அதனால் எதிராளி கூச்சப்படாமல் பேசிவிடுவான். முகம் மட்டுமல்ல, ஆளே அப்படித்தான் என்பது உன் அம்மாவின் கருத்து. விசாரிப்பதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டில் கேட்கவே கூடாது. அவன் ஒன்று பங்காளியாக இருப்பான், இல்லை பகையாளியாக இருப்பான். முதலில் சலூன், பிறகு துணி தேய்க்கிறவர், கடைசியாக டீக்கடை. நேராக மாப்பிள்ளை பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இந்தத் தெருவுல வீடு வாடகைக்கு எதுவும் வருதா?” என்று தொடங்க வேண்டும். தெரு எப்படி, ஆட்கள் எப்படி என்று பேச்சை நகர்த்தி, அந்தப் பையனிடம் போய்ச் சேர வேண்டும். குடிப்பானா, கடன் உண்டா, வீட்டில் சத்தம் கேட்குமா. அவ்வளவுதான்.

இந்த முறையிலும் சறுக்கல் உண்டு. வாடிப்பட்டியில் ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கப் போனபோது, தெருவில் பைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவனிடம் வாடகைக்கு வீடு கேட்டேன். நல்ல பேச்சுக்காரன். நான் நைசாக மாப்பிள்ளை பேச்சை எடுத்ததும், “அவனா? தங்கமான பய அண்ணே, இந்தத் தெருவுலயே அவன்தான் ஒழுங்கு” என்று அரை மணி நேரம் பேசினான். நானும் வந்து, தங்கம் என்று சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று காரிலிருந்து பட்டு வேட்டியோடு இறங்கியவன் அவனேதான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கண்ணே, வீடு கிடைச்சுதா?” என்றான். அந்தக் கல்யாணம் நடந்தது, அவர்கள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். நான் விசாரித்துச் சொன்னதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பலித்தது அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட தகப்பனிடம்தான் நீ எம்ரேயைப் பற்றிச் சொன்னாய். துருக்கியில், புர்சா நகரத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு நீ வேலைக்குப் போனபோது, குளிர் தாங்குவாளா என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நிற்பாய் என்று நாங்கள் நினைக்கவில்லை. மதம் என்ன, சாதி என்ன என்று சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். “கட்டிக்கப் போறது அவ, உங்களுக்கு ஏன் வேர்க்குது?” என்று கேட்டு உன் அம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். என் பிரச்சினை அது இல்லை. எனக்கு அந்தத் தெருவின் சலூன் வேண்டும். விசாரிக்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பையனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எப்போது வீடியோவில் வந்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தான். காரணமில்லாமல் சிரிக்கிற ஆம்பிளையை நான் நம்பியதில்லை. ஒரு தடவை அவன் அம்மாவோடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கேமராவுக்காகக் கழுவுகிறானோ என்று, பின்னால் அடுக்கியிருந்த தட்டுகளைக் கூர்ந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் சொல்வது எதுவும் நேராக எனக்கு வரவில்லை. எல்லாம் உன் வழியாக வந்தது. அவன் கையை ஆட்டி ஆட்டிப் பெரிதாக ஏதோ பேசுவான். நீ திரும்பி, “உங்கள நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாருப்பா” என்பாய். அம்புட்டு நேரம் பேசினதுக்கு இம்புட்டுத்தானா? மொழிபெயர்க்கிறவளே கல்யாணப் பெண்ணாக இருந்தால் எந்தத் தகப்பன் நம்புவான்? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்த மொழி என் காதுக்கே நேராக வர வேண்டும்.

போனில் ஒரு ஆப் இறக்கினேன். அது ஆப்பிள் சிவப்பு, குழந்தை தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது. குழந்தை என்ன குடித்தால் எனக்கென்ன, மாப்பிள்ளை என்ன குடிக்கிறான் என்று கேட்க அதில் பாடமே இல்லை. அப்புறம் ஆன்லைனில் ஒரு டீச்சரம்மாவைப் பிடித்தேன். அங்காராவில் இருக்கிற சின்னப் பெண். அவள் ஆங்கிலத்தில் துருக்கி சொல்லிக் கொடுப்பாள், எனக்கோ ஆங்கிலமே நம் தெருமுனை கோச்சடை பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வரும். முதல் வகுப்பில், ஏன் துருக்கி படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். “டூரிசம்” என்றேன். கொஞ்ச நாளில் அவளுக்கும் என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. டூரிஸ்ட் என்றால் ஓட்டல், பஸ், விலை என்று கேட்பான். நான் குடிப்பழக்கம், சூதாட்டம், பழைய மனைவி, போலீஸ் கேஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, “சார், ஆர் யூ போலீஸ்?” என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மொழி எனக்குப் பிடித்துப்போனது. அங்கேயும் முன்பின் தெரியாதவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள், “அபி” என்பார்கள். வினைச்சொல்லும் நம்மைப் போலக் கடைசியில்தான் வருகிறது. ஆளைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, குடிப்பானா மாட்டானா என்பதை வாக்கியத்தின் வாலில் வைத்திருப்பார்கள். சந்தேகப்படுகிறவனுக்கென்றே செய்த மொழி. நம் மோட்டார் கடையில் பெல்ட்டை எண்ணி மாட்டிக்கொண்டே “இச்கி இச்செர் மி, இச்கி இச்செர் மி” என்று முணுமுணுப்பேன். மது குடிப்பானா என்று அர்த்தம். கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற நம் வைண்டிங் மாரிச்சாமி ஒருநாள் கையிலிருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“என்ன மாப்ள, யாருக்குச் செய்வினை வைக்கிற?”

“துருக்கி படிக்கிறேன்டா.”

“எதுக்கு? அங்க மோட்டார் கடை போடப் போறியா?”

“மக இருக்கால்ல, அவளுக்காக.”

“பாசக்காரன்யா நீ” என்று அவன் நெகிழ்ந்துபோனான். இந்தப் பாசக் கதை பரவியது அங்கேதான். மாரிச்சாமி உன் அம்மாவிடம் சொன்னான், அவள் உன்னிடம் சொன்னாள். நீ அழுதாய் என்றார்கள். நான் மறுத்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நாங்கள் புர்சாவுக்கு வந்த இரண்டாவது நாள் காலையில், நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் எம்ரே வீட்டிலிருந்து கிளம்பினேன், ஞாபகம் இருக்கும். நடக்கவில்லை. தெரு முனையில் இருந்த சலூனுக்குள் நேராகப் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் பெயர் ரிஸா, என் வயதுதான் இருக்கும். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் பாலில்லாத டீயைச் சின்னக் கிளாசில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தாடையைக் காட்டி, சேவிங் என்றேன். முகமெல்லாம் நுரை போட்டு, கத்தியை எடுத்துக் கழுத்தில் வைத்தபோது, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். “அபி, கிராலிக் எவ் வர் மி?” இங்கே வாடகைக்கு வீடு இருக்கிறதா? பெஞ்சில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது. விடக் கூடாது என்று அடுத்ததையும் கேட்டேன். பச்சைக் கட்டடத்து எம்ரே எப்படி? குடிப்பானா? கடன் உண்டா?

கத்தி நின்றுவிட்டது. கழுத்தில்தான் நின்றது. ரிஸா கண்ணாடியில் என் மீசையை நிதானமாகப் பார்த்தார். இனி அவர்கள் சொன்னதை நம்மூர்ப் பேச்சில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, ஆகவே நீ பாதியைத்தான் நம்ப வேண்டும்.

“நீங்க அந்த இந்தியாக்காரப் பொண்ணோட அப்பாதானே?” என்றார் ரிஸா.

இல்லை என்று சொல்ல எனக்குத் துருக்கியில் தெரியும். ஆனால் கத்தி இருந்த இடம் சரியில்லை. “ஆமா” என்றேன்.

“நல்லதாப் போச்சு” என்றார் பெஞ்சில் இருந்தவர். “நாங்களே உங்களப் பாக்கணும்னு இருந்தோம். இன்னொரு டீ சொல்லுப்பா.”

அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர்கள்தான் கேட்டார்கள். ஒருவர் எம்ரே அப்பாவுக்கு அண்ணன் முறையாம். ஒரே பையன், அவனை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளா? அவன் அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, உங்கள் மகள் வீட்டில் சத்தம் போடுவாளா? படித்த பிள்ளை, சம்பாதிக்கிற பிள்ளை, பெரியவர்கள் பேச்சைக் கேட்பாளா? நான் நம்மூர்ச் சலூன்களில் காலமெல்லாம் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசை. அந்த அண்ணன் முறைக்காரர் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, என்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்: “உண்மையச் சொல்லுங்க அபி, கோவக்காரியா?”

நான் சொன்னேன், “அவளா? சோக் சபிர்லி.” ரொம்பப் பொறுமைசாலி. “அவளுக்குக் கோபமே வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.” மனப்பாடம் செய்யாமல், திக்காமல், தப்பில்லாமல், நான் அந்த மொழியில் பேசிய முதல் முழு வாக்கியங்கள் அவை. அத்தனையும் பொய். ஒன்பதாம் வகுப்பில் உன் தோழி வீட்டைப் பற்றி நான் விசாரித்துவிட்டேன் என்பதற்காக, என் பைக் சாவியைப் பிடுங்கி வைகைக்குள் எறிந்தவள் நீ. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் சாவி கிடைத்தது. ரிமோட், மிக்ஸி மூடி, என் கண்ணாடி என்று நீ உடைத்ததை எல்லாம் அடுக்கினால் ஒரு சின்னக் கடை வைக்கலாம். அந்தப் பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தன் பங்குக்கு எம்ரேயைப் புகழ ஆரம்பித்தார். தங்கமான பையனாம், தெருவிலேயே அவன்தான் ஒழுங்காம். ரிஸா பஞ்சில் தீயைப் பற்றவைத்து என் காது முடியைப் படக்கென்று தட்டிப் பொசுக்கினார். அது அங்கே வழக்கமாம். எனக்குத் தண்டனை மாதிரிதான் இருந்தது. எலுமிச்சை வாசனைத் தண்ணீரை முகத்தில் அறைந்து, காசு வேண்டாம் என்று சொல்லி, தன் போன் நம்பரையும் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து எம்ரே வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பெற்ற மகளைப் பற்றி, கேட்ட உடனே, கூசாமல் பொய் சாட்சி சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் சொன்னேன். அப்படியானால் இத்தனை வருடமாக நான் கேட்ட சலூன்காரர்களும், டீக்கடைக்காரர்களும், துணி தேய்க்கிறவர்களும் என்ன செய்திருப்பார்கள்? தெருப் பையனுக்கு நல்லது நடக்கட்டும் என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, கண்ணால் பார்த்தது போல ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்கிற வார்த்தை எதற்கும் எடை கிடையாது என்பது அந்தத் தெருவில், காது எரிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயந்திரம் நான் சம்மதம் சொன்னேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நீ என்னைக் கட்டிக்கொண்டாய். எல்லோரும் சந்தோஷத்தில் என்று நினைத்தார்கள். சந்தேகம் தீர்ந்துபோய் நான் சம்மதிக்கவில்லை, தாயி. அது தீராது என்று தெரிந்துபோனதால் சம்மதித்தேன். அந்தப் பையன் அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இன்றைக்கும் அவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் திருவாதவூருக்குப் போய் உன் அத்தையிடம் இந்தச் சலூன் கதையைச் சொன்னேன். என் கூடப் பிறந்த அக்காவிடம் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. காது பொசுங்கிய இடத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கும் நம்மப்பா அப்படித்தேன் விசாரிச்சாரு. மூணு ஊருல கேட்டாரு. குடி கெடையாது, கெணத்தோட நெலம், நல்ல குடும்பம்னாய்ங்க.”

“அத்தான்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் கெடையாதேக்கா.”

“கெடையாதுதேன். என்கிட்டப் பேசுற பழக்கமும் கெடையாது. கோவம் வந்தா மாசக்கணக்குல வாயத் தொறக்க மாட்டாரு. அவுக ஆத்தா, பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசுனாலும் என்ன பேசுனன்னு கேக்கும். செவுத்துக்கிட்டப் பேசிக்கிட்டுக் கெடந்தேன்.”

அத்தான் போய்ச் சேர்ந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இதை முதல் முறையாகக் கேட்கிறேன். வருடா வருடம் பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், அந்த வீட்டு நடுவில், அத்தானுக்கும் அவர் அம்மாவுக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். “நல்லா இருக்கியாக்கா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். “நல்லாத்தேன் இருக்கேன், நீ சாப்புடு” என்பாள்.

“நான் கேட்டப்ப ஏன்க்கா சொல்லல?”

“நீ யார வச்சுக்கிட்டுக் கேட்ட?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி அம்புட்டுப் பேர்கிட்டக் கேட்டீகளே. அப்பறம் ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீகளா?”

கேட்கவில்லை. நம் ஜனங்களில் யாரும் கேட்பதில்லை. தாலி ஏறும் வரைக்கும் சலூன் சலூனாகப் போவோம், ஏறிய பிறகு அந்த ஊர்ச் சலூனில் முடி வெட்டிக்கொள்ளக் கூட மாட்டோம். கேட்டால் சம்பந்தி வீட்டைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று மரியாதை பார்ப்போம். சந்தேகப்பட வேண்டிய காலத்தில்தான் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது.

அதனால் நான் டீச்சரம்மாவின் வகுப்பை நிறுத்தவில்லை. வேலை முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. கஷ்டம் என்றால் நீ தமிழிலேயே என்னிடம் சொல்லலாம், பக்கத்தில் யார் நின்றாலும் புரியாது, உன் அத்தைக்கு இல்லாத வசதி அது. ஆனாலும் நீ சொல்ல மாட்டாய். ரிமோட்டை உடைக்கிற பிள்ளைதான் வலியைச் சொல்லாமல் இருக்கும், எனக்குத் தெரியும். ஆகவே நான் மற்றவர்களிடம்தான் கேட்பேன். ரிஸா அபியிடம் கேட்பேன், உன் மாமியாரிடம் கேட்பேன். எம்ரேக்கும் உன்னைப் பற்றிக் குறை சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவனும் என்னிடம் நேராகச் சொல்லட்டும். குறையை உள்ளே வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற புருஷன் உனக்கு வேண்டாம். மைக்கில் நீ என்ன பேசுவாயோ, உன் இஷ்டம். பாசம் என்று மட்டும் சொல்லாதே, இதைப் படித்த பிறகு அதைச் சொன்னால் நீயும் என்னைப் போலப் பொய் சாட்சி சொன்னவள் ஆவாய்.

நான் இப்போது படிக்கிற கேள்விகள் வேறு. அவள் மெலிந்திருக்கிறாளா? கடைக்குத் தனியாக வருகிறாளா? தெருவில் யாருடனாவது நின்று பேசுகிறாளா? கடைசியாக எப்போது சத்தம் போட்டாள்? டீச்சரம்மா இவற்றைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இதுவும் டூரிசமா என்று சிரிக்கிறாள். அந்தத் தெருவிலிருந்து, உங்கள் மகள் எங்கள் மண்டையை உருட்டுகிறாள், நேற்று தட்டை உடைத்தாள், வாசலில் நின்று அவனோடு சண்டை போட்டாள் என்று புகார் வந்தால், உன் சார்பாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, இங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுப்பேன். என்றைக்காவது ஒருநாள், “உங்க மகளா, சோக் சபிர்லி, அவளுக்குக் கோபமே வராது” என்று யாராவது அங்கிருந்து சொன்னால், அடுத்த விமானத்தில் நான் வாரேன்.